அடக்காதீர்கள், மறைக்காதீர்கள்! – சிறுநீர்ப்பையின் இரத்த ஓட்டம் குறித்துச் சில செய்திகள்

(நம் ஜமாஅத் நடத்திய இலவசச் சிறுநீரக மருத்துவ முகாமின் தொடக்க நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துஆச் செய்து முகாமைத் தொடங்கிவைப்பதே எனக்கு ஒப்படைக்கப்பட்ட பணி. ஆயினும் நிர்வாகிகளிடம் நானே சற்றுக் கூடுதல் நேரம் கேட்டுப் பெற்றேன். நான் மருத்துவன் அல்லன்; மதரஸாவில் ஓதியவன். இன்று நான் பேசவிருக்கும் செய்தியை, ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் நின்று, என் தந்தையாரின் பொருட்டுக் கற்றுக்கொண்டேன். பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் சரிபார்த்துக்கொண்டேன். வெட்கத்தின் காரணமாக நாம் வாய் திறந்து பேசாத ஓர் உறுப்பைப் பற்றிய செய்தி அது. அந்த வெட்கம் எங்கள் குடும்பத்திற்கு என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் சஃப்பிலிருந்து கடைசி சஃப்பிற்கு

என் அத்தா ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இமாமாகப் பணிபுரிந்தார்கள். ஓய்வுபெற்ற பின்னரும் முதல் சஃப்பில், இமாமுக்கு நேர் பின்னால் நிற்பதே அவர்களின் வழக்கம். சில ஆண்டுகள் சென்றன. அவர்கள் கடைசி சஃப்பின் ஓரத்திற்கு, வாசலுக்கு அருகில் இடம் மாறினார்கள். அதன்பின் ஜும்ஆவிற்கு மட்டும் பள்ளிக்கு வந்தார்கள். அதுவும் நின்று, வீட்டிலேயே தொழலானார்கள். கேட்டபோது, "முழங்கால் வலிக்கிறது" என்றார்கள். நாங்களும் நம்பினோம்.

ஒருமுறை உறவினர் வீட்டு நிகாஹிற்காக ஆறு மணி நேரப் பேருந்துப் பயணம். வழியில் வண்டி நின்ற இடங்களில் கழிப்பிடம் ஒழுங்காக இல்லை. நடுவழியில் நிறுத்தச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அன்றிரவு அடிவயிறு கல்லைப்போல் இறுகிவிட்டது. ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வெளியேறவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். குழாய் செலுத்தி வெளியேற்றியபோது 1,200 மில்லி லிட்டருக்கும் மேல் சேர்ந்திருந்தது. இறுதியில் வந்த சிறுநீர் இளஞ்சிவப்பாக இருந்ததைக் கண்டு நான் நடுங்கிப்போனேன்.

அங்கிருந்த மருத்துவர் பொறுமையானவர். அவர் என்னிடம் இப்படிச் சொன்னார்: "ஐயா, இதை வெறும் பை என்று நினைக்காதீர்கள். இது உயிருள்ள தசை. இரத்தம் போனால்தான் இது வேலை செய்யும். இன்று ஒரு நாளில் வந்த கேடு அல்ல இது. பல ஆண்டுகளாக இந்தத் தசைக்கு இரத்தம் சரியாகக் கிடைக்கவில்லை."

இரத்தம் இதயத்திற்குப் போகும், மூளைக்குப் போகும் என்று நாம் அறிவோம். சிறுநீர்ப்பைக்கும் இரத்தம் வேண்டும், அது தடைப்பட்டால் அந்த உறுப்பும் வாடிப்போகும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

இரத்தம் வரும் வழி

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. அங்கு வடிகட்டப்பட்டு, நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீர் உருவாகிறது. அதைத் தாங்கி நிற்கும் சிறுநீர்ப்பைக்குக் கிடைக்கும் இரத்தமோ மிகச் சிறிய பங்கு. ஆனால் அந்தச் சிறிய பங்கு இடையறாது கிடைக்க வேண்டும்.

வயிற்றின் பெருந்தமனி இடுப்பருகே இரண்டாகப் பிரிகிறது. அவற்றின் உட்கிளைகளிலிருந்து, மேலிருந்தும் கீழிருந்தும் சிறுநீர்ப்பைக்குத் தமனிகள் வருகின்றன. பெண்களுக்குக் கீழ்ப்பகுதிக்கான கிளை மட்டும் சற்று வேறு வழியாக வருகிறது. மேல் தமனிகளின் வரலாறு வியப்புக்குரியது. நாம் தாயின் கருவறையில் இருந்தபோது, நம் உடலிலிருந்து தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடிக்கு இரத்தத்தைக் கொண்டுசென்ற அதே தமனிகளின் மிச்சமே அவை. பிறந்தபின் தொப்புளை ஒட்டிய பகுதி மூடிக்கொண்டு வெறும் நாராகிவிடுகிறது. அடிப்பகுதி மட்டும் திறந்தே இருந்து, ஆயுள் முழுவதும் சிறுநீர்ப்பைக்கு இரத்தம் ஊட்டுகிறது. படைத்தவன் எதையும் வீணாக்கவில்லை.

இத்தமனிகள் பையின் சுவருக்குள் நுழைந்து, கிளைகள் பலவாகப் பிரிந்து, தசைகளுக்கிடையே ஓடி, இறுதியில் உட்புறத் தோலின் அடியில் நுண்குழாய்களின் வலையாகப் பரவுகின்றன. சிறுநீரின் உப்பும் கழிவும் உடலுக்குள் திரும்பக் கசிந்துவிடாமல் காக்கும் அந்த உட்தோல், இந்த வலையைக் கொண்டே உயிர்வாழ்கிறது.

விரிந்தாலும் நில்லாத ஓட்டம்

இப்பொழுது ஒரு வினா எழுகிறது. காலியாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும் பை, நிறையும்போது 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்கிறது. சுவர் விரிந்து, சுமார் 3 மில்லிமீட்டர் அளவிற்கு மெலிந்துவிடுகிறது. ரப்பர் குழாய் ஒன்றை இழுத்தால் அது மெலிந்து, உள்வழி குறுகுகிறது. அப்படியிருக்க, சுவரோடு சேர்ந்து இழுபடும் இரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி நிற்காமல் இருக்கிறது? இதற்காக உடலில் பல ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது, குழாய்களின் வடிவம். பை காலியாக இருக்கும்போது அதன் இரத்தக் குழாய்கள் நெளிந்தும் சுருண்டும் கிடக்கின்றன. பை விரிய விரிய அந்தச் சுருள்கள் பிரிந்து நீளுகின்றன. சுற்றிவைத்த தலைப்பாகைத் துணி, இழுக்க இழுக்கச் சுற்றுப் பிரிந்து வருவதைப் போன்றது இது. சுருள் உள்ளவரை குழாய் இழுபடுவதில்லை, பிரிகிறது, அவ்வளவே.

இரண்டாவது, பையின் பொறுமை. ஆம்! பொறுமை என்றே சொல்லத் தோன்றுகிறது. பை நிறைந்துகொண்டே போனாலும் அதன் தசை தளர்ந்து இடம் கொடுப்பதால், உள்ளே அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. நலமுள்ளவருக்கு அது 10 முதல் 15 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்திற்குள் நிற்கும். பாதரசக் கணக்கில் இது 7 முதல் 11 மில்லிமீட்டர். நுண்குழாய்களுக்குள் இரத்தம் நுழையும் இடத்தில் உள்ள அழுத்தம் பொதுவாக 35 மில்லிமீட்டர் அளவு. உள்ளிருந்து தள்ளும் அழுத்தம், வெளியிலிருந்து நெருக்கும் அழுத்தத்தைவிட மிகுதியாக இருக்கும்வரை நுண்குழாய் திறந்திருக்கும். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய உரையின் சாரமே இதுதான்.

மூன்றாவது, இரத்தக் குழாயின் சொந்தத் தசை. குழாய்க்குள் அழுத்தம் கூடினால் அது தானே இறுகும். குறைந்தால் தானே தளரும். இதற்கு மூளையின் கட்டளை வேண்டியதில்லை. இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் வில்லியம் பேலிஸ் 1902இல் இந்தப் பண்பை விளக்கி எழுதினார். நம் இரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் உறுப்புகளுக்குச் செல்லும் ஓட்டம் பெரிதும் மாறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, குழாயின் உட்படலம். அங்கிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு சுரந்து, குழாயைத் தளர்த்தி அகலப்படுத்துகிறது. இரத்தக் குழாய்களில் இது செய்யும் பணியைக் கண்டறிந்தமைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்துடன், உழைக்கும் தசையில் சேரும் கரியமில வாயு, அடினோசின் போன்ற கழிவுகளும் "இங்கே இரத்தம் தேவை" என்று குழாய்க்கு உணர்த்தி, அதைத் திறக்கச் செய்கின்றன. வயல் காய்ந்தால் மடை தானே திறந்துகொள்வதைப் போன்ற ஏற்பாடு இது.

ஐந்தாவது, நரம்புகள். ஒருவகை நரம்பு நார்அட்ரீனலினைச் சுரந்து குழாயை இறுக்குகிறது. மற்றொருவகை அதைத் தளர்த்துகிறது. பை நிறைந்துவிட்டது, வலிக்கிறது என்று நமக்கு அறிவிக்கும் உணர்வு நரம்புகளும் சில பொருள்களை வெளியிட்டுக் குழாய்களை விரிக்கின்றன.

இரத்தம் வந்தால் போதாது. வந்தது திரும்பிச் செல்லவும் வேண்டும். உட்தோலின் அடியிலுள்ள நுண்சிரைகள் தாமாகவே சீராகச் சுருங்கி விரிவதை ஆய்வாளர்கள் விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். சுவர் விரிந்த நிலையில் இரத்தம் தேங்கிவிடாமல் அவை தள்ளிவிடுகின்றன என்று அவர்கள் கருதுகிறார்கள்.

எல்லை மீறும்போது

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள், ஆண்களின் சிறுநீர்ப்பைச் சுவரில் ஓடும் இரத்தத்தை லேசர் ஒளியின் உதவியால் அளந்து, 2002இல் வெளியிட்டார்கள். பை நிறையத் தொடங்கும்போது ஓட்டம் குறையவில்லை, கூடியது. ஆனால் கொள்ளும் எல்லையை எட்டியபோது ஓட்டம் விழுந்தது. வெளியேற்றியவுடன் மீண்டும் எழுந்தது. விரிந்துகொடுக்கும் தன்மை குறைந்து, சுவர் இறுகிப்போன பைகளில் இந்த வீழ்ச்சி மிகுதியாகக் காணப்பட்டது.

உங்கள் கட்டைவிரல் நகத்தை மற்றொரு விரலால் அழுத்திப் பாருங்கள். நகம் வெளுக்கிறது. விட்டுவிடுங்கள். உடனே சிவக்கிறது. அழுத்தும்போது இரத்தம் நின்றது. விட்டவுடன் பாய்ந்து வந்தது. சிறுநீர் கழிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. பையின் தசை முழுவதும் சுருங்கி, தனக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெருக்குகிறது. நலமுள்ளவருக்கு இது ஏறத்தாழ அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பின் தசை தளர, இரத்தம் நிறைந்து பாய்ந்து, இழந்ததை ஈடுசெய்துவிடும். அந்த அரை நிமிடத்தைத் தாங்கும் வலிமையை உடல் பெற்றிருக்கிறது.

ஆனால் ஐம்பது, அறுபது வயதைக் கடந்த ஆண்களில் பலருக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி, வெளியேறும் வழியை நெருக்குகிறது. அடைப்பை எதிர்த்துத் தள்ளவேண்டியிருப்பதால் தசை மிகுந்த வலிமையுடன் சுருங்குகிறது. அழுத்தம் 100 சென்டிமீட்டர் நீர் அளவையும் தாண்டக்கூடும். பாதரசக் கணக்கில் அது 70 மில்லிமீட்டருக்கும் மேல். நுண்குழாயின் 35 மில்லிமீட்டர் எங்கே, இது எங்கே! நீண்ட நேரம் முக்கி முக்கிக் கழிக்கும் அந்த நேரமெல்லாம் தசைக்கு இரத்தம் கிடைப்பதில்லை. பின்னர் இரத்தம் திரும்பி வரும்போதும் தொல்லைதான். பட்டினி கிடந்த திசுவில் திடீரென ஆக்ஸிஜன் பாயும்போது, அதிலிருந்து பிறக்கும் வினைவேகம் மிக்க மூலக்கூறுகள் செல்களைத் தாக்குகின்றன. முதலில் பழுதுபடுபவை பெரும்பாலும் மெல்லிய நரம்புகளே.

நாளொன்றுக்கு ஆறேழு முறை, ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நிகழ்ந்தால் என்ன ஆகும்? தொடக்கத்தில் பை பதற்றமடைகிறது: அடிக்கடி வருகிறது, அவசரமாக வருகிறது, இரவில் நான்கு முறை எழுப்புகிறது. முடிவில் பை சோர்ந்துவிடுகிறது: நிறைந்தாலும் தெரிவதில்லை, தள்ளவும் வலுவில்லை. பைக்குள் அழுத்தம் நெடுநேரம் 40 சென்டிமீட்டர் நீர் அளவிற்கு மேல் நின்றால், சிறுநீரகங்களும் பாதிக்கப்படும் அபாயம் உண்டு.

என் அத்தா வாசலருகே இடம் மாறியது ஏன் என்பது இப்பொழுது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அது மருத்துவமனையில்தான் புரிந்தது. குழாய் செலுத்தியபின் சிறுநீர் சிவந்ததற்கும் அதே கணக்குதான் காரணம். அளவு கடந்து இழுபட்டு நலிந்திருந்த நுண்குழாய்கள், நெருக்கடி நீங்கி இரத்தம் நிறைந்தபோது ஆங்காங்கே கசிந்தன. சிலருக்கு இவ்வாறு ஆவதுண்டு என்றும், பெரும்பாலும் தானே நின்றுவிடும் என்றும் மருத்துவர் ஆறுதல் கூறினார்.

வெள்ளிக் குழாயிலிருந்து மிச்சிகன் வரை

அடைபட்ட சிறுநீரைக் குழாயால் வெளியேற்றுவது இன்று தோன்றிய முறை அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபா நகர்ப் பகுதியில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் இதற்கான மெல்லிய வெள்ளிக் குழாயை விவரித்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் குழாய் செலுத்துவதற்கு முற்றிலும் கிருமி நீக்கிய கருவிகளும் கையுறைகளும் வேண்டும் என்ற விதி வந்தது. அதனால் நோயாளி வீட்டில் தானே செய்துகொள்ள இயலாத நிலை. நிலையாகக் குழாய் பொருத்தியவர்களுக்கோ அடிக்கடி நோய்த்தொற்று. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜாக் லாபிடஸ், 1972இல் இதற்கு மாறான ஒரு கருத்தை முன்வைத்தார். கிருமி உள்ளே நுழைவதைவிடப் பெரிய கேடு, பை அளவுமீறி நிறைந்து அதன் சுவரில் இரத்த ஓட்டம் குறைவதே என்றார் அவர். இரத்தம் நன்றாக ஓடும் சுவர் கிருமியை எதிர்த்து நிற்கும். இரத்தம் குறைந்த சுவர் கிருமிக்கு இடம் கொடுக்கும். ஆகவே, கைகளையும் குழாயையும் சோப்பும் நீரும் கொண்டு தூய்மை செய்து, சில மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளி தாமே வெளியேற்றிக்கொள்ளலாம் என்று அவர் கற்பித்தார். முதலில் பலர் தயங்கினார்கள். இன்று உலகெங்கும், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் முதல் முதியோர் வரை, எண்ணற்றோரின் சிறுநீரகங்களை அந்த எளிய முறை காத்துவருகிறது.

உரிய நேரத்தில் வெளியேற்றுதல் என்பது, சுவருக்கு இரத்தம் கிடைக்கச் செய்தல். அதுவே உறுப்புக்கு உயிர், அதுவே காவல்.

நாம் செய்யக்கூடியவை

நலமுள்ள ஒருவர் எப்போதாவது ஒருமுறை சற்று நேரம் அடக்கிக்கொண்டால் பை கெட்டுவிடும் என்று நான் அச்சுறுத்த வரவில்லை. அன்றாட வழக்கமாக்கிக்கொள்வதும், தொல்லை தொடங்கிய பின்னும் மறைப்பதுமே தீங்கு. ஆகவே சிலவற்றை உங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

கழிப்பிடம் கிடைக்காது என்றஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பழக்கம் பெண்களிடமும் பள்ளி செல்லும் பிள்ளைகளிடமும் உள்ளது. சிறுநீர் கெட்டியாகி, கல்லுக்கும் தொற்றுக்கும் அது வழி செய்யும்.

மதரஸாவில் ஓதும் பிள்ளை எழுந்து நின்று அனுமதி கேட்டால், உஸ்தாதுகள் உடனே அனுப்பிவிட வேண்டும். "பாடத்தை முடித்துவிட்டுப் போ" என்று நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்காக இன்று வருந்துகிறேன்.

இரத்த அழுத்தம் பார்க்கச் செல்வோர் முதலில் சிறுநீர் கழித்துவிட்டுச் செல்லுங்கள். பை நிறைந்திருந்தால், உடலெங்கும் குழாய்களை இறுக்கும் நரம்புகள் தூண்டப்பட்டு, அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

புகை, சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவை இதயத் தமனியை அடைப்பது போலவே இடுப்புத் தமனிகளையும் அடைக்கின்றன. அதனால் சிறுநீர்ப்பைக்கு வரும் இரத்தம் ஊற்றிலேயே குறைந்துவிடுகிறது. புகையை விடுவது நுரையீரலுக்கு மட்டுமான நன்மை அன்று.

புரோஸ்டேட் வீக்கத்திற்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் வெளியேறும் வழியின் தசையைத் தளர்த்துகின்றன. அவை பையின் இரத்த ஓட்டத்தையும் மேம்படுத்துவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவை உடலின் ஏனைய இரத்தக் குழாய்களையும் சற்றுத் தளர்த்துவதால், படுக்கையிலிருந்தோ ஸஜ்தாவிலிருந்தோ விரைந்து எழும்போது தலைசுற்றக்கூடும். அத்தகையோர் மெதுவாக எழ வேண்டும். இரவில் கழிப்பறைக்குச் சென்றால் அமர்ந்தே கழிக்க வேண்டும். நின்றபடி கழிக்கும்போது இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழும் முதியோர் உண்டு.

சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, தாரை மெலிந்து சொட்டுச் சொட்டாக வந்தாலோ, கழித்தபின்னும் மீதி இருப்பதாகத் தோன்றினாலோ, அறவே வெளியேறாவிட்டாலோ, நாட்டு வைத்தியமோ பொறுமையோ போதாது. மருத்துவரிடம் செல்லுங்கள். அறவே நின்றுவிட்டால் அந்த நேரமே செல்லுங்கள்.

மார்க்கம் தந்திருக்கும் இலகு

இது இமாம் என்ற முறையில் நான் சொல்ல வேண்டிய பகுதி. சிறுநீர் நெருக்கும் நிலையில் அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய நம் இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகிறார்கள். ஜமாஅத் தொழுகை தவறிவிடுமே என்று பதறாமல், முதலில் தேவையை முடித்துக்கொண்டு வருவதற்கு அனுமதி இருக்கிறது. நாமோ இகாமத் சொல்லியாகிவிட்டதென்று, அடக்கிக்கொண்டு சஃப்பிற்கு ஓடுகிறோம்.

சொட்டுச் சொட்டாகக் கசியும் நோயுள்ளவர் 'மஃதூர்' என்னும் சலுகைக்குரியவர். தூய்மை செய்து, கசிவைத் தடுக்கும் துணியைக் கட்டிக்கொண்டு, தொழுகையின் நேரம் வந்தபின் உளூச் செய்து அவர் தொழுதுகொள்ளலாம். இடையில் கசிந்தாலும் அத்தொழுகை நிறைவேறும். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். அந்த வக்து முடியும்வரை ஓர் உளூ போதும் என்பது ஹனஃபீ சட்டம். குழாய் பொருத்தப்பட்டவருக்கும் இச்சலுகை உண்டு என்றே இக்கால ஆலிம்கள் பலர் தீர்ப்பளிக்கிறார்கள். ஐயமுள்ளவர்கள் தனியே வந்து கேளுங்கள். அது நமக்கிடையே அமானிதமாக இருக்கும்.

இந்தச் சட்டங்களை நான் பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவன். என் அத்தாவோ இவற்றை எனக்கு முன்பே கற்றவர்கள். ஆயினும் தம் ஆடையில் ஒரு துளி பட்டிருக்குமோ, பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பாரோ என்ற அச்சத்தில் அவர்கள் பள்ளியையே விட்டு ஒதுங்கினார்கள். சட்டம் தெரிந்திருந்த எனக்கு, "அத்தா, என்ன செய்கிறது?" என்று கேட்கத் தெரியவில்லை.

நிறைவாக

அத்தாவுக்குப் புரோஸ்டேட் அறுவை சிகிச்சை நடந்தது. வழி திறந்தது, ஆனால் பல ஆண்டுகள் இரத்தம் குன்றியிருந்த தசை பழைய வலுவைப் பெறவில்லை. சற்று முன்னர் நான் சொன்ன முறைப்படி, மெல்லிய குழாயைக்கொண்டு தாமே வெளியேற்றிக்கொள்ள அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். "நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை" என்றார் மருத்துவர். அத்தா சற்று யோசித்து, "ஐந்து வேளை பாங்கு சொல்கிறார்களே, அதை ஒட்டிச் செய்துகொள்கிறேன்" என்றார்கள். அவ்வாறே செய்தார்கள். சில மாதங்களில் மீண்டும் முதல் சஃப்பில் நின்றார்கள். அதற்குப்பின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, முதுமையினால் இறையடி சேர்ந்தார்கள். முன்கூட்டியே நாங்கள் கேட்டிருந்தால் அந்தக் குழாயே தேவைப்பட்டிருக்காது என்று மருத்துவர் சொன்னது இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.

நிர்வாகக் குழுவினரிடம் இரண்டு வேண்டுகோள்கள். நம் பள்ளியின் கழிப்பிடங்கள் உளூச் செய்யும் இடத்திலிருந்து ஐந்து படிகள் இறங்கி, கொல்லையின் கோடியில் இருக்கின்றன. முதியோர் அமரக்கூடிய உயரத்தில், கைப்பிடியுடன், உளூச் செய்யும் இடத்தை ஒட்டி இரண்டு கழிப்பறைகளைக் கட்டித் தாருங்கள். பெண்கள் வரும் பகுதியிலும் ஒன்று தேவை. பைத்துல்மாலில் பணம் குறைந்தால், ஜும்ஆ மேடையிலிருந்து நானே கேட்கிறேன்.

ஜமாஅத்தார்களிடம் ஒரு வேண்டுகோள். முன் சஃப்பில் நின்ற பெரியவர் ஒருவர் பின் சஃப்பிற்கு மாறினால், பின் சஃப்பில் நின்றவர் வராமற்போனால், அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். முழங்கால் வலி என்று சொன்னால், அத்துடன் திரும்பிவிடாதீர்கள். அமர்ந்து பேசுங்கள். தேவைப்பட்டால் இந்த முகாமிற்குக் கைபிடித்து அழைத்து வாருங்கள். பரிசோதனை அறையில் மருத்துவரைத் தவிர வேறு எவரும் இருக்கமாட்டார்கள்.

நோயை மறைக்காமல் உரிய காலத்தில் மருந்து தேடும் தெளிவையும், நம் முதியோரின் முகம் பார்த்து அறிந்துகொள்ளும் இதயத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.